தீபாவளி மதியம் காலியான ஒரு முகவரி: டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் இன்ஜினியர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

2025 அக்டோபர் 20, திங்கட்கிழமை. தீபாவளி. நம்மில் பலர் சாப்பிட்டு முடித்து போனை எடுத்த நேரம், மதியம் 12.18. அமெரிக்காவின் சியாட்டிலில் அப்போது ஞாயிறு இரவு 11.48.

அந்த நிமிடத்தில் அமேசான் வெப் சர்வீசஸின் வடக்கு வர்ஜீனியா பகுதியில் ஒரு முகவரி காலியானது. 'டைனமோடிபி' என்ற டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று கேட்கும் கணினிகளுக்கு வழி சொல்லும் டிஎன்எஸ் பதிவு அது. டேட்டாபேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. தகவல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் அங்கே போக யாருக்கும் வழி தெரியவில்லை. ஸ்னாப்சாட், சிக்னல், கேன்வா, ரோப்லாக்ஸ், டுவோலிங்கோ என்று உலகம் முழுக்க வரிசையாகப் பல சேவைகள் தடுமாறின.

முகவரிக் கோளாறு மதியம் 3.10-க்குள் சரியாகிவிட்டது. ஆனால் முழுமையான மீட்புக்கு நம்ம ஊர் நேரத்துக்கு மறுநாள் அதிகாலை 2 மணியைத் தாண்டியது. கோளாறு 3 மணி நேரம்கூட இல்லை. மீள்வதற்கு மட்டும் கூடுதலாக 11 மணி நேரத்துக்கு மேல். ஏன் இவ்வளவு இடைவெளி?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே வேலையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். லிங்க்ட்இன்னில் 'சீனியர் இன்ஜினியர், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ்', 'டெவலப்பர் டூலிங்', 'பிளாட்பார்ம்' என்று போட்டிருப்பார்கள். சம்பளம் நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டிருப்போம். வேலை என்னன்னு கேட்டால் அதே துறையில் இருப்பவர்களுக்கே சொல்லத் தெரியாது. அன்று சிக்கிய டைனமோடிபியின் சுமார் 20 ஆண்டு வரலாறே அதைப் புரிந்துகொள்ள நல்ல பாடம்.

முதலில், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்றால் என்ன?

வர்ஜீனியாவுக்குப் போகும் முன் நமக்குத் தெரிந்த ஒரு கடைத்தெருவில் தொடங்கலாம். திருவனந்தபுரம் ஆரியசாலை, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலை பஜாரை ஒட்டிய பகுதி. தமிழ் பேசும் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் இடம். நவராத்திரிக்கு ஊர்வலமாக வரும் வேளிமலை குமாரசுவாமி தங்கும் கோயில் இங்கேதான் என்பதால், குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகப் பழகிய பெயர்.

இங்குள்ள ஒரு மொத்தக் கடையில் நீங்கள் 4,200 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணாச்சி, பணம் போயிட்டு."

"இங்க வரலியே தம்பி. பாக்ஸ் பேசலியே."

இந்த இரண்டு வரியில் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸின் அடிப்படைப் பிரச்னை முழுக்க இருக்கிறது. உங்கள் போன், பணம் அனுப்பும் ஆப், உங்கள் வங்கி, நடுவில் யுபிஐ-யை இயக்கும் என்பிசிஐ, கடைக்காரரின் வங்கி, கல்லாவில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ். இவை தனித்தனிக் கணினிகள், தனித்தனி நிறுவனங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கில் ஒத்துப்போக வேண்டும். இப்படிப் பல கணினிகள் நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொண்டு, வெளியே ஒரே கணினி போலத் தெரிவதுதான் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்.

பாக்ஸ் பேசாததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பணம் உங்கள் வங்கியை விட்டே கிளம்பாமல் இருக்கலாம். கிளம்பி வழியில் நிற்கலாம். அல்லது கடைக்காரருக்கு வந்து சேர்ந்து, 'வந்துவிட்டது' என்ற பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி: மௌனம்.

இந்தத் துறையின் முன்னோடி லெஸ்லி லாம்போர்ட் 1987-இல் ஒரு மின்னஞ்சலில் கிண்டலாகக் கொடுத்த விளக்கமும் இதைத்தான் சொல்கிறது. இருப்பதே உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு கணினி பழுதானால் உங்கள் கணினி வேலை செய்யாமல் போகும். அதுதான் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்றார் அவர்.

சரி, இன்னொரு முறை அனுப்பினால் போதாதா?

அங்கேதான் சிக்கல். முதல் முறையே பணம் போயிருந்தால் 8,400 ரூபாய் போய்விடும். அதனால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு தனி எண் கொடுப்பார்கள். அதே எண் இரண்டாவது முறை வந்தால் 'இது ஏற்கெனவே முடிஞ்சது' என்று கணினி சொல்லிவிட வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான் என்ற இந்தத் தன்மைக்கு 'ஐடெம்பொடன்சி' என்று பெயர். பேக்எண்ட் வேலைக்கான இன்டர்வியூக்களில் அடிக்கடி வரும் கேள்வி.

இரண்டு முறை பணம் எடுப்பதைத் தடுத்துவிட்டோம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் மறுபடி மறுபடி கேட்டால்? 2025 ஏப்ரல் 12-ஆம் தேதி யுபிஐ தடுமாறியது நினைவிருக்கலாம். 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?' என்று நிலையைச் சரிபார்க்கும் கோரிக்கைகள் சில வங்கிகளிடமிருந்து வெள்ளமாக வந்து குவிந்ததே காரணம் என்று என்பிசிஐ கூறியது. பிறகு அத்தகைய கோரிக்கைகளுக்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. 'பணம் போச்சா, போச்சா' என்று கேட்டதே பணம் போகாமல் போகக் காரணமானது என்று சொல்லலாம்.

மூன்றாவது பிரச்னை, தாமதம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வலைப்பக்கம் திறக்க, பின்னால் 100 கணினிகளிடம் தகவல் கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் 100-க்கு 99 முறை வேகமாகப் பதில் சொல்லும். ஒரே ஒரு முறைதான் இழுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100-உம் ஒருசேர வேகமாக இருக்கும் வாய்ப்பு, 0.99-ஐ 100 முறை பெருக்கினால் வருவது, வெறும் 37%. அதாவது 100 பயனர்களில் 63 பேருக்குப் பக்கம் மெதுவாகத்தான் திறக்கும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதே கணக்கைத்தான் முன்வைத்தது. 'சராசரி நல்லா இருக்கு' என்ற பேச்சுக்கு இந்தத் துறையில் மதிப்பில்லாததற்குக் காரணம் இதுதான்.

2004-இல் அமேசானில் என்ன நடந்தது?

இனி டைனமோடிபியின் கதைக்கு வருவோம். 2004 ஆண்டு இறுதியின் பண்டிகை விற்பனை உச்சத்தில் இருந்தபோது அமேசான் தளம் சில முறை முடங்கியது. சந்தையில் வாங்கிய டேட்டாபேஸ்களை அவற்றின் எல்லைக்கு மீறி இழுத்ததுதான் காரணம் என்று அந்நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி வெர்னர் வோகல்ஸ் பின்னர் எழுதினார்.

இன்ஜினியர்கள் உடனே புது டேட்டாபேஸ் கட்டக் கிளம்பிவிடவில்லை. முதலில் எண்ணிப் பார்த்தார்கள். இருக்கும் டேட்டாபேஸை நாம் எதற்குத்தான் பயன்படுத்துகிறோம்? விடை வியப்பளித்தது. சுமார் 70% வேலைகள் 'இந்தச் சாவியைக் கொடு, அந்த ஒரு வரியை எடு' என்ற ரகம். இன்னொரு 20% ஒரே அட்டவணையிலிருந்து சில வரிகளை எடுப்பவை. பல அட்டவணைகளைச் சேர்த்துப் பார்க்கும் பெரிய திறன், அதுதான் அந்த டேட்டாபேஸ்களின் பெருமை, அதிகம் தேவைப்படவே இல்லை.

இந்த ஆய்விலிருந்து பிறந்ததுதான் 'டைனமோ'. 2007 அக்டோபரில் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை எஸ்ஓஎஸ்பி மாநாட்டில் வெளியானது. எழுதியவர்கள் 9 பேர். அதில் நம் காதுக்குப் பழகிய ஒரு பெயர்: சுவாமிநாதன் சிவசுப்ரமணியன். ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகத்தில் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸில் முனைவர் பட்டம் பெற்றவர். இன்னொருவர் அவினாஷ் லக்ஷ்மன். பின்னர் ஃபேஸ்புக்குக்குப் போய், பிரசாந்த் மாலிக்குடன் சேர்ந்து, இன்றும் உலகெங்கும் ஓடும் 'கசாண்ட்ரா' டேட்டாபேஸை உருவாக்கினார்.

டைனமோவின் யோசனை என்ன?

மறுபடி ஆரியசாலைக் கடைக்கு வருவோம். கடைக்காரருக்கு ஆரியசாலையில் கடை, கிள்ளிப்பாலத்தில் குடோன், நாகர்கோவிலில் கிளை. மூன்று இடத்திலும் ஒரே கணக்குப் புத்தகத்தின் பிரதி. ஒவ்வொரு விற்பனையையும் மூன்றிலும் எழுதிய பிறகுதான் 'சரி' சொல்வேன் என்றால், நாகர்கோவில் லைன் கட்டானதும் வியாபாரம் நின்றுவிடும்.

மாற்று வழி: மூன்றில் இரண்டில் எழுதினால் போதும். படிக்கும்போதும் ஏதாவது இரண்டைப் பார்த்தால் போதும். எழுதிய இரண்டு, படித்த இரண்டு. மொத்தம் இருப்பதோ மூன்று. ஆகவே குறைந்தது ஒரு புத்தகமாவது இரண்டிலும் பொதுவாக இருக்கும். புதிய கணக்கு கண்ணில் படாமல் தப்பாது. டைனமோவில் வழக்கமாக வைத்திருந்த அமைப்பும் இதே 3-2-2 தான்.

டைனமோ இன்னும் ஒரு படி போனது. ஒரு புத்தகம் எட்டவில்லை என்றால், அதற்கான குறிப்பைப் பக்கத்தில் இருக்கும் இன்னொருவரிடம் கொடுத்துவைத்து, லைன் வந்ததும் ஒப்படைக்கச் சொன்னது. இதனால் சில நேரம் இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமான கணக்கு இருக்கும். அப்போது? ஷாப்பிங் கார்ட் விஷயத்தில் இரண்டையும் சேர்த்துவிடு என்பதுதான் அமேசானின் முடிவு. விளைவாக, நீங்கள் நீக்கிய பொருள் எப்போதாவது கார்ட்டில் மறுபடி முளைக்கலாம். பரவாயில்லை. ஆனால் 'சேர்த்த பொருளைக் காணோம்' என்று மட்டும் வாடிக்கையாளர் சொல்லக் கூடாது.

இது தொழில்நுட்ப முடிவு போலத் தெரிந்தாலும், அடியில் வியாபார முடிவு. வங்கிக் கணக்கில் இப்படிச் செய்ய முடியாது. எங்கே தவறு வரலாம், எங்கே வரவே கூடாது என்று தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையின் மையம். அந்தத் தேர்வின் விலை என்ன என்றும் அவர்கள் அளந்தார்கள். 24 மணி நேரக் கணக்கில் 99.94% கோரிக்கைகளுக்கு ஒரே ஒரு பதிப்புதான் தெரிந்திருக்கிறது. முரண்பாடு வந்தது மிக மிகச் சில முறைதான்.

இவ்வளவு நல்ல சிஸ்டத்தை அமேசானுக்குள்ளேயே ஏன் பலர் எடுக்கவில்லை?

கரியர் பற்றி யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

டைனமோ உலகப் புகழ் பெற்றது. அதைப் பார்த்து வேறு நிறுவனங்கள் டேட்டாபேஸ் கட்டின. ஆனால் அமேசானுக்குள் இருந்த பல இன்ஜினியர்களே அதை விட்டுவிட்டு எஸ்3, சிம்பிள்டிபி போன்ற சேவைகளுக்குப் போனார்கள். தங்கள் தேவைக்கு டைனமோதான் பெரும்பாலும் பொருத்தம் என்ற நிலையிலும் அப்படிச் செய்தார்கள். டைனமோடிபி குழுவே 2022-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை எழுதியிருக்கிறது.

காரணம் எளிது. டைனமோவை எடுக்கும் ஒவ்வொரு குழுவும் அதைத் தானே நிறுவி, தானே ஓட்டி, தானே பழுது பார்க்க வேண்டும். அதற்கு டேட்டாபேஸ் நிபுணராகவே மாற வேண்டும். ராத்திரி 2 மணிக்கு எழுந்திரிக்கவும் வேண்டும். சிம்பிள்டிபியில் ஒரு பகுதிக்கு 10 ஜிபி என்ற வரம்பு உட்படப் பல குறைகள் இருந்தன. ஆனா அதை நீங்க பார்த்துக்க வேண்டாம், வேற யாரோ பார்த்துப்பாங்க.

டைனமோவின் வேகத்தையும் சிம்பிள்டிபியின் சுலபத்தையும் சேர்த்து, 2012 ஜனவரி 18-இல் டைனமோடிபி வெளியானது. பெயரில் டைனமோ இருந்தாலும் உள் அமைப்பு பெரும்பாலும் வேறு. வாங்குபவர் ஒரு அட்டவணையை உருவாக்கினால் போதும். பிரதிகள், பழுது, விரிவாக்கம் எல்லாம் சேவையின் பொறுப்பு. இந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர்களில் சிவசுப்ரமணியனும் ஒருவர். பின்னர் ஏடபிள்யூஎஸ்ஸின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுகளுக்குத் தலைமை ஏற்று, இப்போது துணைத் தலைவர் நிலையில் இருக்கிறார்.

'டெவலப்பர் டூலிங்' என்ற சொல்லின் உண்மையான பொருள் இதுதான். கட்டளை அடிக்கும் கருவி, எடிட்டருக்கான பிளக்இன் மட்டும் அதில் அடங்காது. ஒரு கஷ்டமான விஷயத்தை ஒருவர் கற்று, அந்தக் கற்றலை மற்றவர்கள் மறுபடி கற்கத் தேவையில்லாத வடிவில் கட்டித் தருவது.

அளவைப் பார்த்தால் அதன் மதிப்பு புரியும். 2021-இன் 66 மணி நேர பிரைம் டே விற்பனையில் டைனமோடிபிக்கு உச்சத்தில் நொடிக்கு 8.92 கோடி கோரிக்கைகள் வந்தன. ஒப்பீட்டுக்கு, 2025 ஆகஸ்டில் யுபிஐ 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்தது. சராசரியாக நொடிக்குச் சுமார் 7,500. இரண்டையும் நேராக நிறுத்திப் பார்க்கக் கூடாது. ஒன்று உச்சம், மற்றது சராசரி. மேலும் ஒரு யுபிஐ பரிவர்த்தனைக்குள் பல கோரிக்கைகள் இருக்கும். ஆனாலும், தாங்கள் எழுதும் சில வரிகளுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய இயந்திரம் ஓடுகிறது என்று தெரியாமலே ஆயிரக்கணக்கான டெவலப்பர்கள் வேலை செய்ய முடிகிறது என்பது தெளிவு.

கெட்ட நாளுக்காக ஒவ்வொரு நாளும் வேலை: ஒரு உதாரணம்

சீனியர் இன்ஜினியரின் மூளை எப்படி ஓடும் என்பதற்கு அந்த 2022 கட்டுரையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

எந்தத் தகவல் எந்தக் கணினியில் இருக்கிறது என்ற வழிகாட்டிப் பட்டியலை, கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் கணினிகள் கேஷில் வைத்திருந்தன. 99.75% முறை கேஷிலேயே பதில் கிடைத்துவிடும். மீதி 0.25%-க்கு மட்டும் மையப் பட்டியலைக் கேட்டால் போதும். பெரும்பாலான ரிவ்யூக்களில் 'சூப்பர்' என்று கைதட்டு வாங்கும் எண் இது.

ஆனால் கேஷ் ஒரு நாள் காலியானால்? 0.25% என்பது 100% ஆகும். மையப் பட்டியலுக்கு வரும் கூட்டம் ஒரே அடியில் 400 மடங்கு. அது விழும், விழுந்தால் கேஷ் நிரம்பாது, நிரம்பாததால் கூட்டம் குறையாது.

அவர்கள் கண்ட தீர்வு, மேலோட்டமாகப் பார்த்தால் வீண் செலவு. கேஷில் பதில் இருந்தாலும், பின்னணியில் மையப் பட்டியலுக்கு ஒரு கோரிக்கை போய்க்கொண்டே இருக்கும்படி செய்தார்கள். அதாவது, கெட்ட நாளில் எவ்வளவு கூட்டம் வருமோ அதே கூட்டத்தை ஒவ்வொரு நாளும் தாங்கும்படி அந்த மையத்தைக் கட்டினார்கள். கெட்ட நாள் வந்தாலும் அதற்கு அது இன்னொரு சாதாரண நாள்தான்.

அப்படியென்றால் 2025-இல் ஏன் விழுந்தது?

டிஎன்எஸ் பதிவுகளைப் பராமரிக்கும் வேலையும் தானியங்கிதான். ஒரு புரோகிராம் புதுத் திட்டங்களைத் தயாரிக்கும். வேறு சில புரோகிராம்கள் அவற்றை நடைமுறைப்படுத்தும். அன்று அந்த நடைமுறைப்படுத்தும் புரோகிராம்களில் ஒன்று வழக்கத்துக்கு மாறாக மெதுவாக ஓடியது. அதன் கையில் இருந்தது பழைய திட்டம். இன்னொன்று புதிய திட்டத்தைப் போட்டு முடித்தது. அதன் மேல் தாமதமாக வந்த பழைய திட்டம் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து 'பழைய திட்டங்களை அழி' என்ற துப்புரவு வேலை ஓட, பயன்பாட்டில் இருந்த திட்டமே அழிந்து முகவரி காலியானது. 'ரேஸ் கண்டிஷன்' என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் அதே பிழை.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். முகவரி திரும்பியதும், ஏடபிள்யூஎஸ்ஸின் வாடகைக் கணினிச் சேவையான இசி2-வுக்குள் சர்வர்களைக் கண்காணிக்கும் அமைப்பு, விட்டுப்போன தொடர்புகளை எல்லாம் ஒரே நேரத்தில் புதுப்பிக்க முயன்றது. ஒரு வேலை முடிவதற்குள் அதன் கெடு தீர்ந்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டி வந்தது. வரிசை நீண்டுகொண்டே போனது. இன்ஜினியர்கள் வேகத்தைக் குறைத்து, பகுதி பகுதியாக அந்த அமைப்பை மறுபடி தொடங்கித்தான் மீட்டார்கள். அந்த 11 மணி நேரத்துக்கான விடையின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது.

மேலே பார்த்த 400 மடங்கு பிரச்னையின் சகோதரன்தான் இது. டேட்டாபேஸ் குழு ஒரு இடத்தில் கற்றுத் தன் சிஸ்டத்துக்குள் பதித்த பாடம், பக்கத்துச் சிஸ்டத்துக்குள் பதியவில்லை. அறிவு ஒரு குழுவிடம் மட்டும் இருந்தால் போதாது. கருவியாக மாறி எல்லா இடத்துக்கும் போக வேண்டும்.

பிழையை முன்பே பிடிக்கும் கருவிகள் இல்லையா?

இருக்கின்றன. அவற்றைக் கட்டுவதே இந்தத் துறையில் தனி கரியர்.

லாம்போர்ட் உருவாக்கிய 'டிஎல்ஏ பிளஸ்' மொழியில் ஒரு சிஸ்டத்தின் வடிவமைப்பை எழுதினால், என்னென்ன வரிசையில் என்னென்ன நடக்கலாம் என்று கணினியே அலசிப் பார்க்கும். அமேசான் இன்ஜினியர்கள் 2015-இல் எழுதிய கட்டுரையின்படி, டைனமோடிபியின் வடிவமைப்பில் இது கண்டுபிடித்த ஒரு பிழை வெளிப்பட 35 படிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடக்க வேண்டும். எந்த மனிதரும் வெள்ளைப் பலகையில் 35 படி தாண்டி யோசிப்பதில்லை. டெஸ்டிங்கிலும் அது தப்பியிருந்தது.

ஒரு கோரிக்கை எந்தெந்தக் கணினி வழியாகப் போய் எங்கே நின்றது என்று காட்டும் 'டிரேசிங்' இன்னொரு வகை. கூகுள் 2010-இல் 'டாப்பர்' பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்து, 2019-இல் 'ஓபன்டெலிமெட்ரி' என்ற பொதுத் திட்டமானது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களை வேண்டுமென்றே அணைத்துப் பார்க்கும் நெட்ஃபிளிக்ஸின் 'கேயாஸ் மங்கி', டேட்டாபேஸ்களின் வாக்குறுதிகளைச் சோதிக்கும் கைல் கிங்ஸ்பரியின் 'ஜெப்சன்' ஆகியவையும் இந்த வரிசையில் வரும்.

'சீனியர்' என்றால் எத்தனை வருஷம்?

அமேசானில் எஸ்டிஇ 1, 2, 3, அதற்கு மேல் பிரின்சிபல் என்று படிகள் உண்டு. மூன்றாவது படிதான் சீனியர். மற்ற நிறுவனங்களில் பெயர் மாறும்; தர்க்கம் பெரும்பாலும் மாறாது.

ஜூனியருக்குக் கொடுக்கப்படுவது விடை தெரிந்த வேலை: இந்த ஏபிஐ-யை எழுது. நடுநிலையில் இருப்பவருக்கு ஒரு பிரச்னை கொடுக்கப்படும்: இது மெதுவாக இருக்கிறது, சரிசெய். சீனியரிடம் பிரச்னையைக்கூட யாரும் எழுதித் தருவதில்லை. 'கேஷ் காலியானால் என்ன ஆகும்?' என்று எல்லோரும் கைதட்டும்போது கேட்பவர் அவர். கேட்டதோடு விடாமல், அந்தப் பதிலை ஒரு லைப்ரரியாகவோ சேவையாகவோ மாற்றி, அடுத்து வருபவர் அந்தக் கேள்வியையே கேட்கத் தேவையில்லாமல் செய்பவர். 10 வருஷ அனுபவம் உள்ள எல்லோரும் இங்கே வருவதில்லை. ஒரே வருஷத்தைப் பத்து முறை வாழ்ந்தவர்களும் உண்டு.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிறது. தீபாவளிக்கு எட்டு நாள் கழித்து, அக்டோபர் 28-இல், அமேசான் சுமார் 14,000 அலுவலகப் பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. விடை தெரிந்த கோடை எழுதும் வேலை மலிவாகிக்கொண்டே போகிறது. ஆனால் இந்தக் கட்டுரையில் பார்த்த எந்தக் கோளாறும் கோட் குறைவாக இருந்ததால் வந்ததில்லை. சரியான கோடுகள் தவறான வரிசையில் சந்தித்ததால் வந்தவை. வேகமாக, அதிகமாகக் கோட் எழுதப்படும் காலத்தில், கெட்ட நாளைப் பற்றி யோசிப்பவருக்கு வேலை குறையாது என்றே தோன்றுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டா?

உண்டு. 99.99% இயங்குவேன் என்று ஒரு சேவை சொன்னால், வருஷத்துக்கு அது நிற்கலாம் என்பது வெறும் 53 நிமிடம். 99.999% என்றால் 5 நிமிடத்துக்குச் சற்று மேல். போன் அடித்து, எழுந்து, லேப்டாப்பைத் திறப்பதற்குள் அது தீர்ந்துவிடும். இந்த ஒன்பதுகளுக்குப் பின்னால் ஆன்-கால் முறையில் கண் விழிக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். பண்டிகை நாள்தான் டிராஃபிக் அதிகம். பண்டிகை நாளில்தான் போன் அடிக்கும்.

அதனால் இன்டர்வியூவில் சம்பளத்தோடு இந்த மூன்றையும் கேளுங்கள்: ஆன்-கால் சுழற்சியில் எத்தனை பேர்? கடந்த பெரிய கோளாறுக்குப் பின் நிரந்தரமாக என்ன மாற்றினீர்கள்? அந்த மாற்றத்துக்கு நேரம் ஒதுக்கினார்களா, அல்லது வார இறுதியில் செய்யச் சொன்னார்களா? இரண்டாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், அங்கே மனிதர்கள்தான் கருவிகள் என்று அர்த்தம்.

எங்கே தொடங்குவது?

இதற்கு சியாட்டிலுக்குப் போக வேண்டியதில்லை. ஆரியசாலைக்குச் சற்றுத் தொலைவில் 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கிலோ, சென்னை ஓஎம்ஆரிலோ, கோவையிலோ இருந்தபடியே தொடங்கலாம்.

படிக்க: மார்ட்டன் வான் ஸ்டீனும் ஆண்ட்ரூ டேனன்பாமும் எழுதிய 'டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ்' பாடநூல் இணையத்தில் இலவசம். இதில் வான் ஸ்டீன், சிவசுப்ரமணியனின் ஆய்வு வழிகாட்டி. எம்ஐடியின் 6.5840 பாடத்தின் விரிவுரைகளும் செய்முறைப் பயிற்சிகளும் இலவசம். 2007 டைனமோ, 2022 டைனமோடிபி கட்டுரைகளை அடுத்தடுத்துப் படித்தால், 15 வருஷத்தில் ஒரு குழு எதையெல்லாம் மாற்றிக்கொண்டது என்று தெரியும். தீபாவளிக் கோளாறு பற்றி ஏடபிள்யூஎஸ் வெளியிட்ட விளக்க அறிக்கையையும் தவறவிடாதீர்கள்.

செய்ய: உங்கள் டீமில் இப்போது ஓடும் ஒரு சேவையை எடுங்கள். அது பேசும் ஒவ்வொரு கணினியும் பதில் சொல்லாமல் மௌனமானால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை நொடி காத்திருக்கும்? எத்தனை முறை மறுபடி கேட்கும்? ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் என்ன செய்யும்? பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. அந்தப் பதில்களைக் கண்டுபிடித்து, ஆவணமாக விடாமல் கோடாக மாற்றி, பக்கத்து டீமும் எடுத்துக்கொள்ளும்படி கொடுத்தால், பதவி உயர்வுக் கடிதம் வரும் முன்பே சீனியர் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள்.